நவுருவைப் பார்த்துச் சிரிக்க முன்...

22 வருடத்துக்குள் மூன்று தரம் பக்கம் மாறிய நாடு ஒன்று இருக்கிறது. நவுரு. பசுபிக் சமுத்திரத்தில் தனித்த ஒற்றைத் தீவு. 21 சதுர கிலோமீற்றர், சனத்தொகை சுமார் 12,000. கொழும்பு மாநகர எல்லையை விடச் சின்னது. எங்கட காத்தான்குடியில் இதைவிடக் கூடிய சனம் இருக்கிறது.

1980 முதல் தாய்வானோடு இராஜதந்திர உறவு வைத்திருந்தார்கள். 2002 இல் அதை முறித்துச் சீனாவிடம் போனார்கள். 2005 இல் திரும்பத் தாய்வான். 2024 ஜனவரி 15, தாய்வானில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டே நாளில், மறுபடியும் சீனா.

"காசுக்கு விலைபோகிற நாடு" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். காசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 140 கோடி சனம் உள்ள சீனாவுக்கு 12,000 பேரின் அங்கீகாரம் எதற்கு? நவுரு 1999 இல் ஐ.நா. உறுப்பு நாடானது. பொதுச்சபையில் சீனாவுக்கும் ஒரு வாக்கு, நவுருவுக்கும் ஒரு வாக்கு. தாய்வானை ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியல் நவுரு விலகியதோடு 12 ஆகச் சுருங்கியது. அதில் ஒரு பெயரை வெட்டுவது பீஜிங்குக்குப் பெரிய விசயம். வாங்க இரண்டு பேர் போட்டி போடும்போது விற்கிறவனை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?

அதுவும் நவுருவிடம் விற்க வேறென்ன மிச்சம்? ஒரு காலத்தில் பொஸ்பேற்று இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டுச் சேர்ந்து அதைத் தோண்டி, தங்கள் விவசாயிகளுக்கு மலிவுப் பசளையாகக் கொண்டு போயின. 1968 இல்தான் சுதந்திரம். தீவின் ஐந்தில் நான்கு பங்கு அளவு தோண்டப்பட்டு, பயிர் வைக்கவோ வீடு கட்டவோ ஏலாத கற்கூர்களாக நிற்கிறது. 1989 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் போனார்கள். 1993 இல் வழக்கு சமரசமானது, 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு. (சுதந்திரத்துக்குப் பிறகு தாங்களே தோண்டி, வந்த காசை ஊதாரித்தனமாக அழித்ததும் உண்மைதான். இலண்டனில் ஓர் இசை நாடகத்துக்கெல்லாம் முதலிட்டு நட்டப்பட்டார்கள்.)

2001 இல் அதே அவுஸ்திரேலியா திரும்பி வந்தது. தன் கரையை நோக்கிப் படகில் வந்த அகதிகளை அடைத்து வைக்க இடம் கேட்டது. கையில் காசில்லாத நவுரு இடம் கொடுத்தது. 2007 இல் எங்கள் நாட்டிலிருந்து போனவர்களும் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போது அந்தத் தீவை யாரும் கேலி செய்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சீனாவோடு சேர்ந்து ஒரு வருடம் ஆகுமுன், 2024 டிசம்பரில், நவுரு அவுஸ்திரேலியாவோடும் ஒப்பந்தம் செய்தது. ஐந்து வருடத்துக்கு 100 மில்லியன் டொலர் நிதியுதவி. பதிலுக்கு, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு போன்ற விடயங்களில் மூன்றாம் நாடொன்றை உள்ளே எடுப்பதென்றால் கன்பராவின் இணக்கமும் வேண்டும். ஒரு கையில் பீஜிங், மறு கையில் கன்பரா.

இதை இரட்டை வேடம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தோண்டி முடிந்த ஒரு தீவுக்கும் 12,000 பேருக்கும் நீங்கள்தான் ஜனாதிபதி என்று வையுங்கள். இதில் யாருடைய காசை வேண்டாம் என்பீர்கள்? கீழே எழுதுங்கள், கதைப்போம்.