குழந்தையை வெயிலிலிருந்து காக்க நிறத்தைக் காரணம் காட்டக் கூடாது

சிறு குழந்தைகளைக் கோடை வெயிலிலிருந்து காப்பது பற்றிப் பெற்றோரிடமும் தாத்தா பாட்டிகளிடமும் எதைச் சொல்லிப் பேசுவது? இதில் எங்கள் அமைப்பின் நிலை இது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில், வாசலில் விளையாடும் பிள்ளையை "கறுத்துப் போயிடுவ, உள்ள வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலில் அக்கறை இருக்கிறது. பிள்ளையும் உள்ளே வந்துவிடுகிறது. பலன் தருகிற பேச்சை விழிப்புணர்வுப் பிரசாரத்திலும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது என்கிறோம்.

கறுப்பு மட்டம் என்ற எண்ணத்தைப் பேசப் பழகும் வயதிலேயே குழந்தையின் மனதில் போடுவது கொடுமை. அது ஒன்றே போதுமான காரணம். பாதுகாப்பை மட்டும் பார்த்தாலும் இந்தப் பேச்சு உதவாது. நிறத்துக்கு அஞ்சுகிறவருக்குப் பிள்ளை கூரைக்குள் வந்துவிட்டால் கவலை தீர்ந்தது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை மே மாத மதியத்தில் எப்படிக் கொதிக்கும் என்பது அதில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே தூங்கும் குழந்தையின் மேல் வெயில் படாது. உடல் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று, பெண் பிள்ளையை உள்ளே அழைக்கிற அதே வீட்டில் "பையன்தானே, கறுத்தா என்ன" என்று மகனை உச்சி வெயிலில் விட்டுவிடுகிறார்கள். மகளையோ ஆண்டு முழுக்க வெயிலே படாமல் வளர்க்கிறார்கள். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி பெரும்பாலும் தோலில் வெயில் பட்டுத்தான் உருவாகிறது என்பது மறந்துபோகிறது.

ஆஸ்திரேலியாவில் 1981-இல் தொடங்கிய பிரசாரம் சட்டை, களிம்பு, தொப்பி மூன்றையும் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அங்கே மக்களை அசைத்தது தோல் புற்றுநோய் பயம். வெள்ளைத் தோலினர் மிகுந்த நாட்டில் அது நியாயமான பயம். இங்கே அந்த நோய் குறைவு. அதை அப்படியே இறக்குமதி செய்தால் யார் மனதிலும் ஒட்டாது.

நம் தாய்மார்களிடம் வேறொரு அறிவு இருக்கிறது. வேர்க்குரு, நீர்க்கடுப்பு, மஞ்சளாக இறங்கும் சிறுநீர், சோர்ந்து மடியில் சாயும் பிள்ளை: இவற்றை அவர்கள் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் உடற்பரப்பு பெரியவர்களைவிட அதிகம், வியர்ப்பது குறைவு. அதனால் வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறுகிறது. தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் போதும். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. உடல் கொதித்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறியபடி இருக்க வேண்டும்.

ஆனால் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும் தாயிடம் இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வெயிலின் கொடுமையை அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தூளி கட்ட ஒரு நிழல் இல்லை, அவ்வளவுதான். 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கென அறை வேண்டும் என்றது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலைச் சட்டமும் வேலையிடத்தில் நிழலும், ஐந்து குழந்தைகள் சேர்ந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் வேண்டும் என்றது. ஏட்டில் இருந்த அளவு வேலையிடத்தில் இவற்றைக் காண முடியவில்லை.

வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்த அரசிடம் நாங்கள் கேட்பது: பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிராமல், ஒரே ஒரு குழந்தை வந்தாலும் வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும் கட்டாயமாக வேண்டும். தகரக் கூரையில் நடக்கும் அங்கன்வாடிகளுக்கு மார்ச் மாதத்துக்குள் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துத் தர வேண்டும். அரசு அச்சிடும் எந்தக் கோடைக்காலத் துண்டறிக்கையிலும் தோல் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.