சீட்டு இலவசம், படிக்கட்டு எட்டவில்லை

வாடிக்கையாளர் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் வியாபாரம். எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் மக்களை நம்பியே கோவில்பட்டிக் கடைவீதி நடக்கிறது. அந்தப் பேருந்தில் ஏற முடியாத ஒரு கூட்டம் கிராமங்களில் தங்கிவிடுகிறது என்பதை வணிகப் பெருமக்களாகிய நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். 2021-ல் அரசு இவர்களுக்கும், உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஏற முடியாத வண்டிக்குச் சீட்டு இலவசமாக இருந்து என்ன பயன்?

இதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. 1995-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் வாகனங்களும் இவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. இருந்தும் சென்னையில் இதற்காகப் பல ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. அதன் பிறகு 2024 ஆகஸ்டில், 400 மில்லிமீட்டர் தள உயரமும் சாய்தளப் பலகையும் கொண்ட தாழ்தளப் பேருந்துகள் அங்கே ஓடத் தொடங்கின. 2025-ல் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன.

"சென்னை ரோடு வேறு, நம் கரிசக்காட்டு ரோடு வேறு, வேகத்தடையில் வண்டியின் அடி தட்டும், விலையும் கூடுதல்" என்று சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் சைக்கிள் சக்கரத்தையே கரிசல் மண் பிடித்துக்கொள்ளும் ஊர் இது. எல்லாக் கிராமத் தடத்திலும் நாளையே தாழ்தள வண்டி விடும்படி நாம் கேட்கவில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றை இணைக்கும் நகரத் தடங்களில் முதலில் விடலாம். கிராமத் தடங்களில் தூக்கு மேடை பொருத்திய வண்டி ஒன்றைக் குறித்த நேரத்தில் விட்டு, அந்த நேரத்தைப் பலகையில் எழுதி வைக்கலாம். வண்டி வரும் நேரம் உறுதியாகத் தெரிந்தால் மக்கள் அதற்கேற்பப் புறப்படுவார்கள். மூட்டு வலிக்காரரும், கர்ப்பிணியும், கையில் சுமையோடு வருபவரும் அதே வண்டியால் பயன் பெறுவார்கள்.

அரசிடம் கேட்கும் நாம் நம் வாசலையும் பார்க்க வேண்டும். பேருந்தை விட்டு இறங்கியவர் நடைபாதையில் நாம் அடுக்கிய வற்றல் மூட்டையையும் எண்ணெய் டின்னையும் தாண்ட வேண்டியிருக்கிறது. அதற்கப்பால் வாறுகால், அதன்மேல் இரண்டு மூன்று படி. 2016 சட்டத்தின் 46-ஆம் பிரிவு தனியார் சேவை தருவோரையும் சேர்த்தே பேசுகிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு ஆறடிப் பலகை போதும். ஆள் வரும்போது போட்டு, பிறகு எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இடமில்லாத கடைக்காரர் வெளியே வந்து சரக்கைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

எனவே உறுப்பினர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் நகராட்சிக்கும் அனுப்புவோம். அந்தத் தீர்மானம் போய்ச் சேருவதற்குள் நடைபாதைச் சரக்கை நாமே உள்ளே எடுத்து வைப்போம். நடைபாதையை அடைத்துக்கொண்டு நாம் அனுப்பும் மனுவை அதிகாரிகள் எப்படி மதிப்பார்கள்?