ஹவாராவின் முகங்களும் ரோமின் தலைவரியும்

கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்துக்குள் பள்ளமாக இறங்கிக் கிடக்கும் ஃபையூம் என்னும் வளமான வட்டாரத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வசதி படைத்த குடும்பங்கள் தம்மில் இறந்தோரின் உடலைப் பழைய எகிப்திய முறைப்படி பதனிட்டு, துணிப்பட்டைகளால் சுற்றி மம்மியாக்கியபின், முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய உருவத்தை மெல்லிய மரப்பலகையில் தீட்டிச் செருகி வைத்தன. தேன்மெழுகில் நிறமியைக் குழைத்துப் பூசும் கிரேக்க ஓவிய முறையில் வரையப்பட்ட பல முகங்கள், பெரிய கண்களோடும், ஒரு பக்கமாக விழும் ஒளியோடும், கன்னத்து நிழலோடும் காண்போரை நேருக்கு நேர் பார்க்கின்றன. முகத்தைப் பக்கவாட்டிலும் கண்ணை முன்புறத் தோற்றத்திலும் காட்டிவந்த எகிப்திய ஓவிய மரபில் இத்தகைய பார்வை அரிது. சக்காரா, அந்தினோவுபோலிஸ் முதலிய இடங்களிலும் இவை கிடைத்திருந்தாலும், பெருந்தொகை கிடைத்த வட்டாரத்தின் பெயரே நிலைத்துவிட, எல்லாமே ஃபையூம் ஓவியங்கள் என்று வழங்குகின்றன. இன்று உலகெங்கும் அறியப்பட்டவை ஏறத்தாழ 1,000. அவற்றுள் உரிய மம்மியோடு சேர்ந்தே எஞ்சியிருப்பவை சுமார் 100 மட்டுமே.

உடல் எகிப்திய முறையிலும், பெயர் கிரேக்கத்திலும், சிகையலங்காரம் ரோமானிய பாணியிலும் அமைந்திருப்பதைக் கண்டு, மூன்று நாகரிகங்களின் இணக்கமான சங்கமம் என்று இவற்றைப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் போற்றுதலில் கொஞ்சம் சோம்பலும் கலந்திருக்கிறது. யார் எதை விரும்பி ஏற்றார், எதை ஏற்காவிட்டால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்காமல் பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற சொல்லைக் கையாளும்போது, சந்தையில் அவரவர்க்குப் பிடித்த பண்டத்தை அவரவர் வாங்கிச் சென்றதைப் போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. ஃபையூமின் கல்லறைகளோடு அதே மண்ணில் கிடைத்த வரிக்கணக்குகளையும் சட்டத் தொகுப்பையும் சேர்த்துப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது.

அலெக்ஸாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமிகளுள் இரண்டாமவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், ஃபையூமின் ஏரி நீரை வடித்து விளைநிலத்தைப் பெருக்கி, தம் படையில் பணியாற்றிய கிரேக்க, மாசிடோனிய வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அந்த மாவட்டத்துக்குத் தம் அரசியும் சகோதரியுமான அர்சினோயியின் பெயரைச் சூட்டினார். முதலை உருவில் வழிபடப்பட்ட சோபெக் என்னும் தெய்வத்தின் நிலமாகிய அங்கே குடியேறியவர்கள், அத்தெய்வத்தைத் தாங்களும் வணங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, மூன்று நான்கு தலைமுறைகளில் எகிப்திய வாழ்வோடு வெகுவாகக் கலந்தார்கள். ஃபையூமின் கல்லறைத் தலங்களுள் ஒன்றாகிய ஹவாராவில் அடக்கம் செய்யப்பட்ட ரோமானியக் கால மனிதர்களின் பல் அமைப்பை முந்தைய எகிப்தியரோடும் கிரேக்கரோடும் ஒப்பிட்ட ஆய்வு, அவர்கள் எகிப்தியருக்கே மிக நெருங்கியவர்கள் என்று காட்டியது. ஆகவே ஓவியத்தில் தெரியும் கிரேக்கத்தனம் பெருமளவுக்குப் பயிற்சியாலும் பெயராலும் அமைந்தது. இரத்தத்தால் வந்தது கொஞ்சமே.

அந்தப் பயிற்சிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு, ஃபையூமின் பிலடெல்பியா என்ற ஊரில் கிடைத்த ஜெனோன் என்னும் பண்ணை மேலாளரின் கடிதக் கட்டு சான்று தருகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அவருக்கு முறையீடு அனுப்பிய கிரேக்கரல்லாத ஊழியர் ஒருவர், தமக்குரிய சம்பளம் தரப்படவில்லை என்றும், அதற்கு ஈடாக மட்டமான திராட்சை மது நீட்டப்பட்டது என்றும், கிரேக்கரைப் போல நடந்துகொள்ளத் தெரியாதவர் என்பதாலேயே தாம் இழிவாக நடத்தப்படுவதாகவும் சொல்கிறார். எனினும் தாலமிகளின் ஆட்சியில் கதவு பாதி திறந்தே இருந்தது. ஹெலனியர், அதாவது கிரேக்கர், என்ற தகுதி வரிப்பதிவேட்டில் இடம்பெறும் ஒரு வகையாக இருந்ததால், அரசுப் பணியும் கிரேக்கக் கல்வியும் வாய்த்த எகிப்தியர் சிலரும் அப்பட்டியலில் ஏற முடிந்தது.

கி.மு. 30இல் எகிப்தைக் கைப்பற்றிய ரோமானியர் அந்தக் கதவை இழுத்து அடைத்தார்கள். ரோமானியக் குடியுரிமை உள்ளவர்கள் மேலே. அலெக்ஸாண்டிரியா, நௌக்ராடிஸ், தாலமைஸ் ஆகிய கிரேக்க நகரங்களின் குடிமக்கள் அடுத்து. எஞ்சிய அனைவரும், வீட்டில் கிரேக்கம் பேசினாலும் ஹோமரைப் பாடம் செய்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் எகிப்தியரே. இந்த எகிப்தியரின் ஆண்மக்கள் 14 வயது முதல் அறுபதை ஒட்டிய வயது வரை ஆண்டுதோறும் தலைவரி செலுத்த வேண்டியிருந்தது. ஃபையூமில் கிராமத்தாருக்கு அது 40 திராக்மா. மாவட்டத் தலைநகரில் பதிவுபெற்ற குடும்பத்தாருக்கு அதில் பாதியாகிய 20 திராக்மா. பழைய வீரர்களின் வழிவந்தவர்களாகக் கருதப்பட்ட ஒரு குழுவுக்கும் தனிச் சலுகைகள் இருந்தன; அக்குழுவின் அதிகாரப்பூர்வப் பெயரே அர்சினோயி மாவட்டத்தின் 6,475 ஹெலனியக் குடியேறிகள் என்பது. உறுப்பினர் எண்ணிக்கையையே பெயராகக் கொண்ட ஒரு மேட்டுக்குடியை நினைத்துப் பார்த்தால், அதன் வாசலில் எத்தனை காவல் இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

அந்தக் காவலின் விதிகள் ஒரு பாப்பிரஸ் சுருளில், அதாவது நாணற்பட்டையால் செய்த தாளில், எழுதப்பட்டு எஞ்சியிருக்கின்றன. அபராதங்களையும் உரிமையாளரற்ற சொத்துகளையும் பேரரசருக்காகத் திரட்டிய தனிக்கணக்கு அலுவலகத்தின் விதித்தொகுப்பாகிய அது, இரண்டாம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டு, ஃபையூமின் தியடெல்பியாவில் கிடைத்து, இப்போது பெர்லினில் உள்ளது. ரோமானியர் ஒருவர் அறியாமல் எகிப்தியரை மணந்தால் அவர்களுடைய குழந்தைகள் தாழ்ந்த தகுதியையே பெறுவார்கள் என்றும், தமக்குரியதல்லாத தகுதியைப் பெயரோடு சேர்த்துக்கொள்பவர் சொத்தில் நான்கில் ஒரு பங்கை இழப்பார் என்றும், எகிப்தியர் ஒருவர் இறந்துபோன தம் தந்தையை ரோமானியர் என்று பதிவு செய்தாலும் அதே தண்டனை என்றும் அது வகுத்துரைக்கிறது. இறந்தவரின் அடையாளம் குடும்பத்தின் துயரத்தோடு முடிந்துவிடவில்லை. அது பணம் சம்பந்தப்பட்ட செய்தியாகவும் இருந்தது.

இந்தப் பின்னணியில் ஹவாராவின் முகங்களைப் பார்ப்பதே பொருத்தம். பெண்களின் கொண்டையும் சுருளும் ரோமானிய அரசகுடும்பத்துப் பெண்களின் மாறிவந்த பாணிகளை அப்படியே பின்பற்றுவதால்தான், பேரரசியரின் சிலைகளோடும் நாணயங்களோடும் ஒப்பிட்டு ஓவியங்களின் காலத்தை ஆய்வாளர்கள் கணிக்க முடிகிறது. கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் இருக்கும் இளம்பெண்ணின் மம்மியில் ஹெர்மியோனி என்ற பெயரோடு கிரமாட்டிகே என்ற கிரேக்க அடைமொழியும் எழுதப்பட்டுள்ளது. அவர் இலக்கணம் கற்பித்த ஆசிரியையா, எழுத்தறிவு பெற்றவர் என்ற அளவில் பெருமைக்குரியவரா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், அந்தக் கல்வி கல்லறை வரை உடன் வரத்தக்கதாகக் குடும்பத்தாரால் எண்ணப்பட்டதில் ஐயமில்லை. அதே ஹவாராவில் இன்னொரு பெண்ணின் தலைக்கடியில் ஹோமரின் இலியட் காவியத்தின் இரண்டாம் படலம் எழுதிய பாப்பிரஸ் சுருள் வைக்கப்பட்டிருந்தது. அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. சட்டம் எகிப்தியர் என்று எழுதிவைத்த மக்கள், சட்டம் தொட முடியாத இடங்களில் தம்மை வேறுவிதமாக எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் இதோடு நின்றுவிட்டால், பதவிக்கும் வரிச்சலுகைக்கும் ஏங்கியவர்களின் வேடம் என்று இந்த ஓவியங்களைக் குறுக்கிவிட நேரும்; அதற்கு மம்மிகளே இடம் தருவதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்ட்டெமிடோரஸ் என்ற இளைஞரின் மம்மி, செந்நிறச் சுண்ணச்சாந்து உறையின்மேல் பொன்னிழைப்பில் பிணக்கட்டிலையும், அதன் அருகே நின்று உடலைப் பேணும் நரித்தலைத் தெய்வம் அனுபிஸையும், துயிலெழும் மறுமைத் தெய்வம் ஒசைரிஸையும் காட்டுகிறது. அவற்றுக்கு மேலே கிரேக்கத்தில், எழுத்துப்பிழையோடு, விடைகொடுக்கும் வாசகம் ஒன்று. அதற்கும் மேலே பொன்மாலை சூடிய அந்த இளைஞரின் முகம். கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ஹெராக்ளைடிஸ் என்பவரின் செம்போர்வை மம்மியை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்தபோது, கட்டுகளுக்குள், அவர் வயிற்றின்மேல், பதனிடப்பட்ட அரிவாள்மூக்கன் பறவை ஒன்று இருந்தது. எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய தோத் தெய்வத்தின் பறவை அது. எந்தப் பதிவாளரின் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே வைத்துக் கட்டப்பட்ட அந்தப் பறவையை யாருக்கும் காட்டுவதற்காக வைத்ததாகக் கொள்ள முடியாது. இம்மையில் கிரேக்கராக வாழ்வதே பயனுடையது என்று தெரிந்திருந்த குடும்பங்கள், மறுமையைப் பற்றி ஒசைரிஸும் அனுபிஸும் சொன்னதையே நம்பின. கிரேக்கரின் பாதாள உலகம் நிழல்களின் மங்கலான இருப்பிடமாக இருக்க, உடலோடு மீண்டெழும் வாழ்வை உறுதி சொன்ன எகிப்திய சமயம் குடியேறிகளின் பேரர்களையும் தன்பால் ஈர்த்ததில் வியப்பில்லை.

பொருள்களின் வழியும் தனியே சொல்லத்தக்கது. ஓவியப் பலகைகளில் பெரும்பாலானவை எகிப்தில் வளராத, ஐரோப்பியக் காடுகளுக்குரிய லிண்டன் மரத்தாலானவை. செம்போர்வை மம்மிகளுக்குப் பூசப்பட்ட ஈயச்செந்தூரம், ஸ்பெயினின் ரியோ டின்டோ பகுதியில் வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழிலின் கழிவாக வெளிப்பட்ட மிருதாரசிங்கியிலிருந்து, அதாவது ஈய ஆக்சைடிலிருந்து, செய்யப்பட்டது என்பதை வேதியியல் ஆய்வு காட்டியிருக்கிறது. எகிப்தியரின் தொன்மையான செயற்கை நிறமியாகிய எகிப்திய நீலமோ, கண்ணுக்கு நீலமாகவே தெரியாத இடங்களில், சாம்பல்நிற அடிக்கோடுகளிலும் நிழல்களிலும் ஒளிந்திருக்கிறது. ஒரு பேரரசின் கப்பல் வழிகள் அத்தனையும் ஓர் இளைஞரின் சவச்சீலையில் வந்து கூடின என்பது உண்மைதான். ஆயினும் ஹவாராவில் நூறு மம்மிகளுக்கு ஒன்றோ இரண்டோதான் ஓவியம் பெற்றிருந்தன என்பதையும் மறக்கலாகாது.

ஹவாராவை அகழ்ந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, 1888இல் அங்கே தேடிச் சென்றது எகிப்திய மன்னர் மூன்றாம் அமெனெம்ஹாட்டின் பிரமிடை. அதன் வடபுறத்தில் கண்ட ரோமானியக் காலக் கல்லறைக்காடு அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. முதல் பருவத்தில் 81 ஓவிய மம்மிகளும் 1910–11இல் மேலும் 70ம் கிடைத்தன. இடம், புதைத்த விதம், உடனிருந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்த அவருடைய பழக்கம் அந்தக் காலத்தில் அரிது. உறைகளில் தெரிந்த தேய்மானத்தையும் அழுக்கையும் கண்டு, மம்மிகள் உடனே புதைக்கப்படாமல் சில காலம் வீட்டாரின் நடுவிலேயே வைக்கப்பட்டிருந்தன என்று அவர் கருதியதும் அந்தக் கூர்மையின் விளைவே. ரோமானிய உயர்குடியினர் முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டு முற்றத்தில் காத்துவந்த வழக்கத்தோடு இதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு; கவர்ச்சியான ஒப்பீடுதான், ஆனால் மெழுகு முகங்களை வைத்துக்கொள்ளும் உரிமை ரோமில் பதவி வகித்த குடும்பங்களுக்கே உரியதாக இருந்தமையால் அதை நெடுந்தூரம் இழுக்க முடியாது.

பெட்ரியின் குறிப்பேடுகள் இருந்தும், அவர் கொண்டுவந்த ஓவியங்கள் சில லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குத் தனி ஓவியங்களாகச் சென்று, பின்னரே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. அவருக்குச் சற்று முன், பிலடெல்பியாவின் கல்லறையாகிய எர்-ருபாயாத்தில் உள்ளூரார் தோண்டியெடுத்தவற்றை மொத்தமாக வாங்கிய வியன்னா வணிகர் தியடோர் கிராஃப், மம்மிகளிலிருந்து பிரிக்கப்பட்ட முகங்களை ஐரோப்பாவெங்கும் காட்சிக்கு வைத்து, நாணய உருவங்களோடு ஒப்பிட்டு, அவை தாலமி அரசகுடும்பத்தாரின் முகங்கள் என்று கூறி விலையை உயர்த்தினார். இழந்துபோன கிரேக்க ஓவியக் கலைக்குச் சான்று தேடிய வாங்குவோருக்கு முகம் போதுமானதாக இருந்தது. உடல், சீலை, பறவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. இறந்தவரின் குடும்பம் ஒன்றாகக் கட்டிவைத்ததை அறுத்து, முகத்தைக் கிரேக்க–ரோமானியக் கூடத்துக்கும் உடலை எகிப்தியக் கூடத்துக்கும் அனுப்பிய 19ஆம் நூற்றாண்டின் கத்தி, இரண்டாம் நூற்றாண்டு வரிப்பதிவேட்டின் பிரிவினையை வேறொரு வகையில் தொடர்ந்தது என்றே கொள்ள வேண்டும். மம்மியோடு எஞ்சியவை சுமார் 100 மட்டுமாக இருப்பதற்கு இந்த வணிகமே முதற்காரணம்.

212இல் பேரரசர் கரகல்லா ஏறக்குறைய எல்லாச் சுதந்திர மக்களுக்கும் ரோமானியக் குடியுரிமை வழங்கியபின், யார் எகிப்தியர் என்ற சட்டக் கேள்வி பெரும்பாலும் பொருளிழந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஓவிய மம்மிகளும் அருகின. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று துணிந்து கூறுவது மிகை, ஏனெனில் மூன்றாம் நூற்றாண்டின் பொருளாதார நெருக்கடியும் எகிப்தியக் கோயில்களின் தளர்ச்சியும் அதே காலத்தவை. கெட்டி அருங்காட்சியகம் 2013இல் தொடங்கிய கூட்டுத்திட்டத்தின் வழியே, பல நாடுகளில் சிதறிய ஓவியங்களின் மரமும் பசையும் நிறமியும் இப்போது ஒரே அளவுகோலால் ஆராயப்பட்டு, ஒரே பட்டறையிலோ ஒரே கையாலோ உருவானவை ஒன்றுசேர்க்கப்படுகின்றன. அதற்கிடையே 2022 டிசம்பரில், பழைய பிலடெல்பியாவாகிய கெர்ஸாவில், எகிப்தியத் தொல்லியலாளர்கள் ஒரு பெரிய சவச்சடங்குக் கட்டடத்தையும் புதிய ஓவியங்களையும் கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்டது. இம்முறை முகங்கள் தனியே வரவில்லை: கிரேக்கத்திலும், எகிப்தியரின் விரைவெழுத்தாகிய டெமாட்டிக்கிலும் எழுதிய பாப்பிரஸ்களும், மரப்பேழை ஒன்றுக்குள் இருந்த ஐசிஸ்–அஃப்ரோடைட் என்னும் பெண்தெய்வத்தின் சுடுமண் சிலையும் அவை கிடைத்த இடத்தின் பதிவோடு வெளிவந்தன.