ஊர்விழாவும் உரிமமும்: சென்னை ஓபனின் இருபத்தொரு ஆண்டுகள்

சென்னை ஓபன் ஆடவர் டென்னிஸ் போட்டி 2017ஆம் ஆண்டோடு நம்மை விட்டுப் போய்விட்டது என்று வருந்துவது, ஜனவரி பிறந்தால் விளையாட்டு ஆர்வலர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அந்தப் 'போய்விட்டது' என்னும் வினைமுற்றில்தான் எனக்கு ஓர் இடறல். ஒன்று நம்மை விட்டுப் போகவேண்டுமானால் முதலில் அது நம்முடையதாக இருந்திருக்கவேண்டும். அது எப்போது நம்முடையதாக இருந்தது?

உலக ஆடவர் டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பின் நாட்காட்டியில் ஒரு வாரம் என்பது ஒரு சொத்து. நிலத்தைப் போல அதை வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம். அந்த வாரத்துக்கான உரிமம் யார் கையில் இருக்கிறதோ அவர் கை காட்டும் ஊரில் பந்து விழும். நம் போட்டி பிறந்ததே சென்னையில் அன்று. 1996இல் அது புதுதில்லியில் நடந்தது. சுவீடன் நாட்டுத் தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். மறு ஆண்டே சென்னைக்குப் பெயர்ந்தது. தில்லிக்காரர்கள் யாரும் அதற்காக நம்மைப்போல் ஆண்டுதோறும் புலம்பியதாகத் தெரியவில்லை. ஓராண்டு உறவுக்கு என்ன புலம்பல்! ஆனால் வந்த வழி எதுவோ அதுவே போன வழியும் என்பதை நாம் அன்றே கண்டிருக்கவேண்டும்.

சென்னையிடம் அப்போது இருந்தது ஓர் அரங்கம். 1995 டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியில் அரசு கட்டியது அது. ஏரி போய், ஏரிப்பகுதி என்னும் பெயர் மட்டும் எஞ்சிய இடம். கட்டிய அரங்கை வெறுமனே பூட்டி வைக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு ஓர் அரங்கம் வேண்டியிருந்தது. இதோடு இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றதையும், ரமேஷ் கிருஷ்ணனையும் அமிர்தராஜ் சகோதரர்களையும் கண்டு பழகிய ஒரு பார்வையாளர் கூட்டமும் இங்கே இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் நடத்தியது, அரசு கைகொடுத்தது. எல்லாம் நம்முடையவை, உரிமம் மட்டும் ஐ.எம்.ஜி. என்னும் பன்னாட்டு நிறுவனத்தினுடையது, பின்னாளில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கையிலிருந்தது.

பெயரையாவது பார்ப்போம். தொடக்க ஆண்டுகளில் அது கோல்டு ஃபிளேக் ஓபன். மூச்சை நம்பி ஆடும் ஆட்டத்துக்குச் சிகரெட்டின் பெயர்! 2002இலிருந்து டாடா ஓபன். (புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டம் 2003இல் வந்தது, எப்படியும் அந்தப் பெயர் நீடித்திருக்க முடியாது.) 2005இல்தான் 'சென்னை ஓபன்' என்று ஊர்ப்பெயர் மட்டும் தனித்து நின்றது. அதுவும் ஐந்தே ஆண்டுகள். 2010 முதல் ஏர்செல் சென்னை ஓபன். ஆட்டம் ஊரைவிட்டுச் சென்ற மறு ஆண்டு, 2018இல், ஏர்செல் நிறுவனமே நொடித்துப்போனது. இடையில் மும்பையில் 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இன்னொரு ஏ.டி.பி. போட்டி ஒரு விமான நிறுவனத்தின் பெயரில் நடந்து மறைந்தது. அந்த விமானங்களும் 2012இல் தரையிறங்கிவிட்டன. பெயர் கொடுத்தவர்களே நிலைக்காதபோது பெயர் எங்கே நிலைக்கும்?

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கு ஒப்பீடு தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கோயில்களின் சுவர்கள் முழுவதும் புரவலர் பெயர்கள்தாம். சோழர் காலத்தில் ஒருவர் நந்தா விளக்குக்குத் 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறோ தொண்ணூற்றாறோ கொடுத்தால், அது 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரரும் சூரியரும் உள்ளளவும், எரியவேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். இங்கே போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது. இராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். ஆனால் கார்த்திகைத் தீபம் ஒரு நாளும் வல்லாளன் தீபம் என்றோ ராயர் தீபம் என்றோ அழைக்கப்பட்டதில்லை. கொடுத்தவர் பெயர் சுவருக்கு, விழாவின் பெயர் மலைக்கு என்னும் ஒழுங்கு இருந்தது. அந்தக் கொப்பரையில் தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு. மலையைப் பெயர்க்க முடியாததால் விழாவையும் பெயர்க்க முடியாது.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு நம் கோயில்களிலேயே குழல்விளக்கின் மேல் 'உபயம்' என்று உபயதாரரின் பெயரைப் பெரிதாக எழுதி, பெயர் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் தெரியாமல் செய்துவிடுகிறோம். விளையாட்டு உலகம் அந்தக் குழல்விளக்கு மரபையே பின்பற்றுகிறது. பரம்பரை உரிமை விளையாட்டுக்குப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் ஊருக்கும் விழாவுக்கும் இடையில் ஏதோ ஒரு பிரிக்கவியலாத கட்டு இருக்கவேண்டும் என்கிற எண்ணம் அவ்வளவு பழமைவாதமா என்ன?

அப்படியோர் கட்டு டென்னிஸிலும் இயலும் என்பதற்குச் சான்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கே ஆண்டுதோறும் கூரையிட்ட உள்ளரங்கில் ஆடவர் போட்டி ஒன்று நடக்கிறது. ரோஜர் பிரென்வால்ட் என்பவர் 1970இல் தொடங்கியது. அந்த ஊரில் பிறந்த ஒரு சிறுவன் அங்கே பந்து பொறுக்கிப் போடுபவனாக இருந்தான். பின்னாளில் அதே ஆடுகளத்தில் பத்து முறை பட்டம் வென்றான். ரோஜர் ஃபெடரர்தான் அவன். பாசலும் புரவலர் பெயரை மறுத்துவிடவில்லை. நெடுங்காலம் டேவிடாஃப் என்னும் சுருட்டுப் பெயரைத் தாங்கியிருந்ததுதான். ஆனால் போட்டியைத் தொடங்கியவர் அந்த ஊரிலேயே இருந்து, அதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆகவே டேவிடாஃப் போனபோது பெயர்ப்பலகை மட்டும் போயிற்று. ஆட்டம் அங்கேயே இருந்தது. கூரை இருக்கிறதா இல்லையா என்பதல்ல வேறுபாடு. வீடு சொந்தமா வாடகையா என்பதே.

வாடகை வீட்டிலும் மனிதர்கள் மகிழ்ச்சியாக வாழ்வதுண்டு. நாமும் வாழ்ந்தோம். முதல் ஆண்டே லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். அடுத்த ஆண்டு ஒற்றையரில் பாட்ரிக் ராஃப்டர். தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசாபன் 2002 முதல் 2005 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டம் வரை வந்தார். வென்றது ஒரே முறை, 2003இல். மற்ற மூன்று முறையும் தோற்றுத் தலைகுனிந்து கைகூப்பிய அவரை இந்த ஊர் வென்றவரைவிட அதிகமாக நேசித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்த மறு வாரமே போட்டி தொடங்கிற்று. அந்த ஆண்டு பட்டம் வென்ற ஸ்பெயினின் கார்லோஸ் மோயா தம் பரிசுத்தொகையைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். விளையாட்டு வீரர்களின் கொடையைப் பற்றிப் பேசும்போது நாம் இதை ஏன் நினைவுகூர்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

2008ஆம் ஆண்டின் அரையிறுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அப்போது நான் சென்னையில் ஆய்வு மாணவன். மார்கழியில் நண்பர்கள் சபாக்களுக்குப் போக, நான் மலிவான சீட்டு வாங்கி மேல் வரிசையில் உட்கார்ந்தேன். மோயாவும் நடாலும் மோதினார்கள். இருவரும் மயோர்க்காத் தீவினர்; மூத்தவரைப் பார்த்து வளர்ந்தவர் இளையவர். மூன்று செட்களும் டைபிரேக்கர் வரை சென்றன. ஏறத்தாழ நான்கு மணி நேரம். 6-7, 7-6, 7-6 என்று நடால் வென்றார். என்னருகே இருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு நீண்ட ஆட்டத்துக்கும் பிறகு கச்சேரியில் செய்வதுபோல் 'பலே' என்றார். அந்தச் சொல் அவ்விடத்துக்கு அவ்வளவு பொருந்திற்று. மறுநாள் இறுதியாட்டத்தில் களைத்துப்போன நடாலை ரஷ்யாவின் மிகயில் யூஷ்னி 6-0, 6-1 என்று வீழ்த்தினார். முந்தைய நாளின் விலையை மறுநாள் கொடுப்பது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

2009இல் வைல்டு கார்டு பெற்று நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் கார்லோவிச்சையும் வென்று இறுதியாட்டம் வரை சென்று மாரின் சிலிச்சிடம் தோற்றார். ஸ்டான் வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார். அவற்றுள் 2014இல் இங்கிருந்து நேரே மெல்போர்ன் சென்று ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார். கடைசி ஆண்டான 2017இல் ஒற்றையர் பட்டம் ஸ்பெயினின் பாடிஸ்டா அகுட்டுக்கு. அவரிடம் தோற்ற மெல்லிய ரஷ்ய இளைஞர் மெத்வதேவ் ஐந்தாண்டு கழித்து உலகின் முதல் நிலை வீரரானார். அதே ஆண்டு இரட்டையர் இறுதியில் நான்கு பேரும் இந்தியர்கள். வென்ற இணையில் ஒருவர் ரோகன் போபண்ணா, மற்றவர் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன்.

அந்த ஆண்டு ஜூலையில் போட்டி புனேக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. பார்வையாளர் குறைவு என்றோ அரங்கம் சரியில்லை என்றோ யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. உரிமம் வைத்திருந்தவர் வேறிடம் பார்த்தார், அவ்வளவுதான். புனேயில் அது மகாராஷ்டிரா ஓபன் ஆயிற்று. 2018இலிருந்து 2023 வரை, பெருந்தொற்றால் 2021 விடுபட, ஐந்தே முறை நடந்தது. 2024இல் அந்த வாரம் ஹாங்காங்குக்குப் போய்விட்டது. இன்று இந்தியாவில் இந்த நிலைப் போட்டி ஒன்றுகூட இல்லை. நம்மிடமிருந்து பறித்துக்கொண்டதாக நாம் கோபித்த புனேக்காரர்களும் நம்மைப்போல் குடித்தனக்காரர்களே என்பது இப்போது தெரிகிறது.

அரசு பணம் கொடுத்து அந்த வாரத்தை மீட்டுவரவேண்டும் என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். நான் உடன்படவில்லை. மீண்டும் ஒரு குத்தகை எதற்கு? மகளிர் போட்டியில் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். 2022 செப்டம்பரில் டபிள்யூ.டி.ஏ. போட்டி அரசின் ஆதரவோடு நுங்கம்பாக்கத்தில் சிறப்பாக நடந்தது. செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃபுருவிர்த்தோவா வென்றார். அடுத்தது எப்போது நடந்தது? 2025 அக்டோபர் இறுதியில்! ஐப்பசி அடைமழைக் காலத்தில், கூரையில்லாத அரங்கில். கிடைத்த வாரத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பவனுக்கு மாதம் பார்க்க உரிமை ஏது?

இதற்கு மாறாக, அதே அரங்கில் பிப்ரவரியில் நடக்கும் சேலஞ்சர் போட்டியைப் பாருங்கள். உலகப் புகழ் வீரர் எவரும் வருவதில்லை. தொலைக்காட்சியின் கூச்சலும் இல்லை. 2024இல் அதை வென்ற சுமித் நாகல் அந்த வெற்றியால் உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்குள் முதன்முறையாக நுழைந்தார். இருபத்தொரு ஆண்டுப் பெரிய போட்டியில் ஓர் இந்தியரும் ஒற்றையர் பட்டம் வென்றதில்லை என்பதை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். பெரிய போட்டி கண்ணுக்கு விருந்து; அதை நானும் உண்டவன், மறுக்கவில்லை. நடாலை நேரில் பார்த்த சிறுவனின் மனத்தில் என்ன விதை விழுந்திருக்கும் என்று கணக்கிடவும் முடியாது. ஆனால் பொதுப்பணம் என்று வரும்போது நான் சிறிய போட்டியின் பக்கமே நிற்பேன். ஒன்றுக்கு மூன்றாக அவற்றை நடத்தட்டும். கோவையிலும் மதுரையிலும் நடத்தட்டும். டென்னிஸ் சங்கம் தன் பெயரில், தன் கையில் வைத்து நடத்தட்டும்.

அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது; செலவு குறைந்தது. நுங்கம்பாக்கம் அரங்கின் வாயிலில் ஒரு கருங்கல் பலகை நட்டு, 1997இன் மைக்கேல் டில்ஸ்ட்ரோம் தொடங்கி 2017இன் பாடிஸ்டா அகுட் வரை வென்றோர் பெயர்களையும், இரட்டையர் பட்டியலில் பயஸ், பூபதி முதல் ஜீவன் நெடுஞ்செழியன் வரையிலும் தமிழில் வெட்டி வைக்கட்டும். மோயாவின் பெயருக்கு எதிரே அவர் கொடுத்த கொடையும் ஒரு வரி இடம்பெறவேண்டும். உபயம் யாருடையது என்பதைக் கல்லின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளலாம்.