வாட் மீட்டரை எங்கே மாட்டுவது?



ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்புகளில் "மைக்ரோவேவ் உதவியுடன் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்" என்று ஒன்று உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் எழுதிக் கொடுத்தோம். ஆகவே யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. எங்களுக்கு வரவிருந்த மானக்கேடு அடுத்த செட் பசங்களுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

வீடியோவில் பார்த்தது இது: அடுப்புக்குள் தண்ணீர், வெளியே குழாயில் கேஸ், மைக்ரோவேவ் போட்டால் இரண்டு மடங்கு! அடுப்புக்குள் தகடு வைத்தால் தீப்பொறி பறக்கும் என்று எங்கள் சார் தடுத்துவிட்டார். "முதலில் சும்மா சூடு பண்ணிப் பாருங்கப்பா" என்றார். சரி என்று, பொட்டாஷ் கலந்த தண்ணீரை ஹீட்டரில் 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, 2 ஆம்பியர் ஐந்து நிமிடம் விட்டோம். பச்சைத் தண்ணீரில் 80 மி.லி. ஹைட்ரஜன் வந்த இடத்தில் 170 மி.லி.! மைக்ரோவேவே இல்லாமல் இரண்டு மடங்கு! அன்று சாயங்காலம் ஆவடி டீக்கடையில் நாங்கள் விட்ட சவடாலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அதே சோதனையைச் செய்து ஜாரை ஆறவிட்டோம். கேஸ் சுருங்கிப் பழைய 80-க்கே வந்து நின்றது.

ஏன்? 80 டிகிரியில் ஜாருக்குள் கிட்டத்தட்ட பாதி நீராவிதான். மிச்சமிருப்பதும் சூட்டில் விரிந்த கேஸ். ஃபாரடே விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே தவிர நம்பவில்லை. அதே ஆம்பியர், அதே நேரம் என்றால் அதே கேஸ்தான். சூட்டினால் கிடைக்கிற உண்மையான லாபம் வோல்ட்டில் இருக்கிறது. அதே 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைந்த வோல்ட் போதும்.

அந்த லாபம் எவ்வளவு? எங்கள் செல் தின்றதே 4 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 8 வாட். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு சுவரிலிருந்து சுமார் 1200 வாட் இழுத்து 800 வாட்தான் உள்ளே தருகிறது. எட்டு வாட்டில் ஒன்றிரண்டு மிச்சம் பிடிக்க 1200 வாட்டா? வீடியோக்காரர் மீட்டரைச் செல்லுக்கு மட்டும் மாட்டியிருப்பார். பிளக்கில் மாட்டியிருந்தால் வீடியோவே வந்திருக்காது.

"மைக்ரோவேவ் மூலக்கூறையே உடைக்குதுடா" என்று ஒரு நண்பன் விடாமல் வாதாடினான். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துளி ஆற்றல், தண்ணீரின் பிணைப்பை உடைக்க வேண்டியதில் சில லட்சத்தில் ஒரு பங்கு. அது தண்ணீரைச் சூடாக்கும். சூடாக்க அது எதற்கு? பெரிய தொழிற்சாலைகளில் செல்கள் ஓடும்போதே சூடாகி, 70, 80 டிகிரியைத் தாண்டாமல் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்சம் 39.4 யூனிட் வேண்டும். இன்றைய இயந்திரங்கள் 50 முதல் 55 யூனிட் வரை எடுக்கின்றன. மிச்சம் பிடிக்க முடிந்தது நடுவிலுள்ள அந்தப் பத்துப் பதினைந்து யூனிட்தான்.

1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையும் தண்ணீரும் பெட்ரோலாகும் என்றபோது படித்தவர்களும்தான் நம்பினார்கள். 2016-ல் எழும்பூர் நீதிமன்றம் மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது. நாங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் ஜாரை ஆறவிடாமல் இருந்திருந்தால் "200 சதவீதம்" என்று ரிப்போர்ட்டில் பைண்ட் பண்ணியிருப்போம். எக்ஸ்டர்னலும் பாஸ் போட்டிருப்பார்!

இன்னொன்று. காயலான் கடையில் பழைய அடுப்பு வாங்கிப் பிரிக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். தண்ணீரில் உப்புப் போட்டால் குளோரின் வரும், அதுவும் வேண்டாம்.

மைக்ரோவேவுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. எலெக்ட்ரோடு மேல் பூசும் நிக்கல், கோபால்ட் பொடிகளை அதில் சில நிமிடத்தில் தயாரிக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வினையூக்கிகள் பற்றி நிறைய ஆய்வு நடக்கிறது. நம்மால் முடிந்தது பூச்சு. அம்பத்தூர் எஸ்டேட் நம் பக்கத்திலேயே இருக்கிறது, பிளேட்டிங் ஷாப்புக்குப் பஞ்சமில்லை. நாங்கள் அங்கே இரும்புத் தகட்டில் நிக்கல் ஏற்றி வாங்கி, வெறும் தகட்டோடு வோல்ட் ஒப்பிட்டு புராஜெக்ட்டை முடித்தோம். பிளக்கில்தான் வாட் மீட்டர். வித்தியாசம் சின்னது, ஆனால் ஆறவிட்டாலும் மாறவில்லை.

தகடுகள் இன்னும் கெமிஸ்ட்ரி லேப் அலமாரியில் கிடக்கின்றன. வேண்டியவர்கள் அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.