முகவரியிலும் தமிழ் வேண்டும்

பெயர் தெரியாத ஊருக்கு வழி கேட்க இயலாது. இணையத்திற்கும் இது பொருந்தும். ஆய்வுரைகளையும் ஊர் வரலாறுகளையும் இன்று நாம் ஆர்வத்துடன் வலையேற்றுகின்றோம். ஆயின், அப்பக்கங்களின் முகவரியில் வெறும் எண்களையும் குறிகளையும் இட்டு வைக்கின்றோம். அவை படிப்பவர்க்குப் பொருள் தருவதில்லை. தேடுபொறிக்கும் துணை செய்வதில்லை.

நல்லூரையே எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்து ஒரு நல்லூர் உண்டு. யாழ்ப்பாணத்தில் கந்தசுவாமி கோயிலால் புகழ்பெற்ற நல்லூரும் உண்டு. ‘நல்லூர்’ என்று மட்டும் முகவரி அமைத்தால் எந்த நல்லூர் என்று எவர் அறிவார்? ‘நல்லூர்-கடலூர்-மாவட்டம்’ என அமைப்பின் ஐயம் அகலும். சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டினும் இடைக்கோடே ஏற்றது என்பது கூகுள் நிறுவனம் தரும் அறிவுரை.

ரோமன் எழுத்து போதாதா என வினவுவோர் உளர். விருத்தாசலத்தை அவ்வெழுத்தில் ஒருவர் ஒரு ‘டி’ இட்டும், மற்றொருவர் இரு ‘டி’ இட்டும் எழுதுகின்றனர். நம் ழகரத்திற்கோ ‘இசட்’டும் ‘எல்’லும் போட்டியிடுகின்றன. தேடுபவர் எதனைத் தட்டச்சு செய்வார்?

தமிழ் முகவரியில் ஓர் இடர்ப்பாடு உண்டென்பதை மறைப்பதற்கில்லை. ‘நல்லூர்’ நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்பெறுவதால் அது 7 குறியீடுகளாகும். ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 வரியுருக்களாக விரியும். ஆகவே, முகவரியைப் படியெடுத்து மடலில் ஒட்டுங்கால் அச்சொல் 63 வரியுருக்களாக நீள்வதுண்டு. அதனைக் கண்டு அஞ்சித் தமிழைக் கைவிடுவது முறையன்று. அது கணினிகள் தமக்குள் வழங்கும் வடிவமே. அதனைச் சொடுக்கினும் அதே பக்கமே திறக்கும். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா தமிழ்த் தலைப்புகளையே முகவரியாகக் கொண்டு இயங்குவது இதற்குச் சான்று. நீளத்திற்கு மருந்து சுருக்கம்: மூன்று நான்கு சொற்கள் போதும்.

இட்ட முகவரியை மாற்றாதிருத்தலும் கடமையாகும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்சு-லீ 1998லேயே இதனை வலியுறுத்தினார். மாற்ற நேரின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு ஆற்றுப்படுத்தல் வேண்டும். இன்றேல், நம் கட்டுரையை மேற்கோள் காட்டிய நூல்களெல்லாம் வெற்றிடத்தையே சுட்டி நிற்கும்.

கட்டுரைக்குத் தலைப்பிடக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் முகவரி அமைக்கவும் கற்பிக்கட்டும். தேடுவார்க்கு அகப்படாத எழுத்து, எழுதப்படாத எழுத்தேயாம்.