பெயரில் அறுந்த கம்பிகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள், கற்பிப்பவர்கள், அதை நம்பிப் பிழைப்பவர்கள் என நம் கூட்டம் பெரியது. ஜி.எஸ்.டி. சாலைக் கல்லூரிகளிலிருந்து சிறுசேரி சிப்காட் அலுவலகங்கள் வரை பரவியிருக்கிறோம். நம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. ஸ்கிமேட்டிக் வரையும்போது, கம்பிக்குப் பெயர் சூட்டும் நெட் லேபிளை நாம் மதிப்பதில்லை.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவற்றுக்கு வழங்கும் பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. அதனால் கல்லுக்குச் சேதமில்லை. ஆனால் ஸ்கிமேட்டிக்கில் பெயர்தான் கம்பி. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் இணைப்பு உண்டு. ஓர் எழுத்து பிசகினால் இணைப்பு அறுந்தது.

இது தெரிந்தும் நாம் செய்வதென்ன? 3.3 வோல்ட் சப்ளைக்கு ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் அடுத்த பக்கத்தில் வேறு பெயரும் வைக்கிறோம். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கிகேட் மென்பொருள் வெவ்வேறாகத்தான் பார்க்கும். நாமோ கலந்தே எழுதுகிறோம். மோட்டார் டிரைவர் பகுதியைக் காப்பி எடுத்து ஒட்டும்போது லேபிளும் கூடவே வருகிறது. அதை மாற்ற மறப்பதால் இரண்டு டிரைவர்களின் எனேபிள் பின்களும் ஒன்றாகிவிடுகின்றன. 'டி.எக்ஸ்.' என்று மட்டும் எழுதுகிறோம். அது மைக்ரோகன்ட்ரோலருடையதா, ஜி.பி.எஸ். மாட்யூலுடையதா? போர்டு கைக்கு வந்த பிறகு, இரண்டு டி.எக்ஸ். பின்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதைக் கண்டு விழிக்கிறோம்.

ஈகிள் மென்பொருளில் பழகியவர்கள் கிகேட்டுக்கு வரும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஈகிளில் ஒரே பெயருள்ள நெட், பக்கம் மாறினாலும் ஒன்றுதான். கிகேட்டின் சாதாரண லேபிள் தன் பக்கத்தைத் தாண்டாது; தாண்ட வேண்டுமென்றால் குளோபல் லேபிளோ ஹையரார்க்கிகல் லேபிளோ போட வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது. நம்மில் பலர் அதைச் சொல்லித்தரவில்லை. கிரிட்டும் அப்படித்தான். சிம்பலை 50 மில் கிரிட்டிலிருந்து நகர்த்தி வைத்தால், லேபிளோ கம்பியோ அதன் பின்னைத் தொடுவதுபோல் கண்ணுக்குத் தெரியும், உண்மையில் தொட்டிருக்காது.

இவற்றில் பலவற்றை, மின் இணைப்பு விதிகளைச் சரிபார்க்கும் இ.ஆர்.சி. சோதனையே காட்டிக்கொடுக்கும். எதனோடும் சேராத லேபிள், எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் பெயர்கள், ஒரே கம்பியில் இரண்டு பெயர் என எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரும். நாம் அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. அதைவிட மோசமாக, நாமே உருவாக்கும் சிம்பல்களில் பின்களையெல்லாம் 'பேசிவ்' என்று குறித்து, இரண்டு அவுட்புட்கள் மோதினாலும் சோதனை பேசாதபடி அதன் வாயை அடைத்துவிடுகிறோம்.

விலையைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1992-ல் ழான்-பியர் ஷரா தொடங்கி, பிறகு செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்த கிகேட் இலவசம். அதைச் சேர்த்துக்கொண்டு மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் தரும் இசிம் மென்பொருளும் இலவசம். குறை நம் பழக்கத்தில் இருக்கிறது. புராஜெக்ட் ரிவ்யூவில் எல்.இ.டி. எரிகிறதா என்று பார்க்கிறோம். லேபிளுக்கு மதிப்பெண் தருவதில்லை. அலுவலகத்தில் லேஅவுட் செய்பவரிடம் பெயரில்லா நெட்டுகளை ஒப்படைத்துவிட்டு, தேதி நெருங்கிவிட்டது என்கிறோம்.

பேனல் வயரிங் செய்யும் ஐ.டி.ஐ. படித்த தம்பிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் டிராயிங்கில் உள்ள எண்ணோடு ஃபெரூல் மாட்டாமல் அவர்கள் ஸ்க்ரூவை இறுக்குவதில்லை. நூற்றுக்கணக்கான வயர்களுக்கு அவர்கள் கையால் செய்வதை, நாம் திரையில் நாலு எழுத்துத் தட்டிச் செய்யவில்லை.

இணைப்பு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நவம்பரில் விழுந்த ஐரோப்பாவின் வேகா ராக்கெட் சாட்சி. மேல்நிலை எஞ்சினைத் திருப்பும் இரண்டு ஆக்சுவேட்டர்களின் கேபிள்கள் இடம் மாறியிருந்தன. ஸ்பெயினின் ஒரு செயற்கைக்கோளும் பிரான்ஸின் ஒரு செயற்கைக்கோளும் போயின. நம் போர்டில் போவது சில ஆயிரம் ரூபாயும் சில வாரமும்தான் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். இன்று கல்லூரியில் படியும் பழக்கம்தான் நாளை மருத்துவக் கருவிக்கும் மின்வாகனத்துக்கும் போகும்.

ஆசிரியர்களே, லேபிளுக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். மாணவர்களே, வரைவதற்கு முன் பெயர் விதிகளை ஒரு தாளில் எழுதி எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். பொறியாளர்களே, நெட் பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இ.ஆர்.சி. பட்டியலில் காரணம் சொல்ல முடியாத ஓர் எச்சரிக்கை மிச்சமிருந்தாலும், போர்டு தயாரிப்புக்கான கெர்பர் ஃபைலை அனுப்பாதீர்கள்.